சனிவார் வாடாக் கொலையும் ராம் சாஸ்திரியும்

புணே நகரில் குடியேறி வாழும் நம் தமிழன்பர்களின் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அவர்களை முதலில் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று பார்வதி மலைக் கோயில். மற்றொன்று சனிவார் வாடா. ராஸ்தா பேட்டையிலிருந்தும் கிர்க்கியிலிருந்தும் விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகச் சென்று, வடக்கு நோக்கி நிற்கும் தில்லி வாயிலின் முன் நின்று, யானைகள் முட்டித் தகர்க்காதிருக்கும் பொருட்டுக் கதவில் அறைந்துள்ள இரும்பு முட்களைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். உள்ளே நுழைந்தால் மாளிகை இல்லை. பாஜிராவ் பேஷ்வா 1730ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டிய அரண்மனையை 1828ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ விழுங்கிவிட்டது. கற்றளங்களும் மதில்களும் வாயில்களுமே எஞ்சியுள்ளன.

அவ்விடத்தில் உள்ளூரார் ஒரு கதை சொல்வார்கள். பௌர்ணமி இரவுகளில் ‘காகா, மலா வாசவா’ என்று ஓர் இளைஞனின் ஓலம் கேட்கிறதாம். ‘சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்’ என்பது அதன் பொருள். ஆவியின் குரலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இளைஞன் உண்மையிலேயே அவ்வரண்மனையில் வாழ்ந்தவன், அங்கேயே கொலையுண்டவன். அவனைக் கொன்றது யார் என்னும் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, விடை எங்கே இட்டுச் சென்றாலும் நிற்காமல் சென்ற ஒரு பண்டிதரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பேஷ்வா என்பது மராட்டிய அரசில் முதலமைச்சர் பதவி. சத்ரபதி சாதாராவில் பெயரளவில் வீற்றிருக்க, அதிகாரம் முழுவதும் புணேயிலிருந்த பேஷ்வாக்களிடம் வந்து சேர்ந்திருந்தது. 1761ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த பானிபட்டுப் போரில் பேஷ்வா நானாசாஹேபின் மூத்த மகன் விசுவாசராவ் மாண்டார். அத்துயரம் தாளாமல் சில மாதங்களில் தந்தையும் மறைந்தார். இரண்டாம் மகன் மாதவராவ் பதினாறு வயதில் பொறுப்பேற்று, சரிந்த அரசை மீண்டும் நிமிர்த்தினார். ஆயினும் காச நோய்க்கு இரையாகி, 1772ஆம் ஆண்டு நவம்பரில், புணேக்கு அருகிலுள்ள தேவூரில் உயிர் துறந்தார். எஞ்சியவன் கடைசித் தம்பி நாராயணராவ். பதவி ஏற்றபோது அவனுக்கு வயது பதினேழு.

அவனுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அவர் பெயர் ரகுநாதராவ். 1758ஆம் ஆண்டில் லாகூர் வரை படை நடத்திச் சென்ற வீரர். ஆனால் பேஷ்வாப் பதவி தமக்கே உரியது என்ற ஏக்கம் அவரை ஒரு நாளும் விட்டதில்லை. மாதவராவ் காலத்திலேயே கலகம் செய்து தோற்றவர். நாராயணராவ் ஆட்சியில் அதே சனிவார் வாடாவின் ஒரு பகுதியில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். ஒரே கூரையின் கீழ் அரசாளும் மகனும் சிறைப்பட்ட சித்தப்பாவும்! அம்மாளிகையின் காவலுக்குக் கார்தி எனப்படும் கூலிப்படையினர் அமர்த்தப்பட்டிருந்தனர். சுமேர் சிங், முகம்மது யூசுப் முதலியோர் அவர்களுடைய தலைவர்கள்.

1773ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள், கணேசர் விழாவின் இறுதி நாட்கள். காலையிலேயே ஏதோ சதி நடப்பதாக நாராயணராவின் செவிக்கு எட்டியது. தக்க காவல் செய்யும்படி ஹரிபந்த் பட்கே என்னும் அதிகாரியிடம் அவன் சொன்னதாகவும், அவரோ உடனே செயற்படாமல் நண்பர் வீட்டு விருந்துக்குச் சென்றுவிட்டதாகவும் ஆங்கில வரலாற்றாசிரியர் கிராண்ட் டஃப் எழுதுகிறார். உச்சிப்பொழுதில், சம்பளப் பாக்கி கேட்டுக் கூச்சலிட்டவாறு கார்திகள் உருவிய வாளுடன் உள்ளே புகுந்தனர். உண்டு களைப்பாறிக்கொண்டிருந்த இளைஞன் எழுந்து ஓடினான். ஓடியவன் சென்று சேர்ந்தது சித்தப்பாவின் அறை. அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காப்பாற்றும்படி கதறினான். ரகுநாதராவின் பணியாளனாகிய துளாஜி பவார் அவனைப் பற்றி இழுத்தான். சாபாஜி டிளேகர் என்னும் ஊழியன் தன் எஜமானன் மீது விழுந்து தன் உடலையே கவசமாக்கினான். இருவரையும் சேர்த்தே வெட்டிச் சாய்த்தனர். அன்று அம்மாளிகையில் மாண்டவர் 11 பேர். அவர்களுள் பணிப்பெண்களும் உண்டு.

குற்றத்தின் வரலாறு இது. இனி விசாரணையின் வரலாற்றைக் காண்போம்.

அக்காலத்துப் புணேயில் திருடரையும் கொலைஞரையும் தேடிப் பிடிக்கக் கொத்தவால் இருந்தார். சென்னைக் கொத்தவால் சாவடியை அறிந்த நமக்கு அச்சொல் புதிதன்று. ஆனால் இக்கொலையை ஆராய்ந்தவர் கொத்தவால் அல்லர்; ராம் சாஸ்திரி பிரபுணே என்னும் வடமொழிப் பண்டிதர். சாதாராவுக்கு அருகே கிருஷ்ணையும் வேண்ணாவும் கூடும் மாஹுலி என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையில் கல்வி வாய்க்காமல், செல்வர் ஒருவர் வீட்டில் ஏவலராக இருந்தார் என்றும், அங்கே கேட்ட ஓர் ஏளனச் சொல் சுடவே, கல்வி கற்காமல் திரும்புவதில்லை என்று காசிக்குப் புறப்பட்டார் என்றும் மராட்டியர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பிறர் படிப்பை முடிக்கும் வயதில் தொடங்கியவர், தர்ம சாஸ்திரத்தில் துறைபோகக் கற்றுத் திரும்பி, 1759ஆம் ஆண்டில் பேஷ்வா அரசின் தலைமை நியாயாதீசரானார்.

அவருடைய இயல்பைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். மாதவராவ் பேஷ்வா ஒரு சமயம் அரசுப் பணியை மறந்து ஜபதபங்களில் ஆழ்ந்திருந்தார். அதைக் கண்ட சாஸ்திரி, தாம் காசிக்குப் போக விடை தருமாறு கேட்டார். காரணம் வினவிய பேஷ்வாவிடம், அந்தணர் ஆசாரமே பெரிதென்றால் அரியணையை விட்டிறங்கித் தம்மோடு கங்கைக்கு வரலாம்; அரசாள்வதென்று துணிந்தால் குடிகளின் நலமே தவம் என்று கொள்ளவேண்டும் என்று எடுத்துரைத்தார். மாதவராவ் சினங்கொள்ளவில்லை, திருந்தினார். வீட்டில் அன்றன்றைய உணவுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை என்பதும் சாஸ்திரியின் விரதம். இழக்க ஒன்றுமில்லாதவரை எதைக் காட்டி அச்சுறுத்துவது?

கொலைக்குப் பிறகு அவர் முன் நின்ற நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சம்பளப் பாக்கிக்காகக் கூலிப்படை செய்த கலகம். அதில் பேஷ்வா மாண்டார். தமக்கு அதில் பங்கில்லை என்று ரகுநாதராவ் சொல்லிவிட்டார். ஆளுவோருக்கு வசதியான விளக்கம் கைவசம் இருந்தது. நான்கு கார்திகளைப் பிடித்துத் தண்டித்தால் வழக்கு முடிந்துவிடும். ஆட்சியும் அதே ரகுநாதராவின் கைக்கு மாறிவிட்டது. அவருடைய நியாயாதீசராக இருந்துகொண்டு அவரையே விசாரிப்பது எப்படி?

ஆனால் அவ்விளக்கத்தில் ஓட்டைகள் இருந்தன. கூலி கேட்க வந்தவன், கூலி கொடுக்க வேண்டியவனைக் கொன்றுவிட்டால் பாக்கியை யாரிடம் பெறுவான்? பதினெட்டு வயது இளைஞன் தம்மைக் கட்டிக்கொண்டிருக்கையில், போர்க்களம் பல கண்ட சித்தப்பா அவனைக் காக்கவில்லை. அவனைப் பற்றி இழுத்தவன் சித்தப்பாவின் சொந்தப் பணியாள். கொலையால் பதவி பெற்றவரும் அவரே. இவை ஒன்றும் சான்று ஆகா, ஐயங்கள் மட்டுமே. சாஸ்திரி ஐயத்தைத் தீர்ப்பாக்கவில்லை. சுமார் ஆறு வாரம் பொறுமையாக ஆராய்ந்தார். சதியில் சம்பந்தப்பட்டவர்களாக 49 பேர் கண்டறியப்பட்டனர். வாள் பிடித்த கார்திகள் அவர்களுள் ஒரு பகுதியினரே. பல குலத்தவரும் பல நிலையினரும் அதில் இருந்தனர். எல்லாச் சுவடுகளும் ஒரே அறையில் போய் முடிந்தன.

இங்கேதான் புகழ்பெற்ற அந்தக் கடிதம் வருகிறது. சாஸ்திரி நேரிற் கேட்டபோது ரகுநாதராவ் ஓரளவு ஒப்புக்கொண்டாராம்: கார்தித் தலைவர்களுக்குத் தாம் எழுதிக் கொடுத்தது உண்டு, ஆனால் நாராயணராவைப் ‘பிடிக்க’ என்று எழுதினாரேயன்றிக் ‘கொல்ல’ என்று எழுதவில்லை. மராட்டியில் பிடிக்க என்பதற்குத் ‘தராவே’ என்றும், கொல்ல என்பதற்கு ‘மாராவே’ என்றும் சொல்வர். மூலக் கடிதத்தைச் சாஸ்திரி தேடிக் கைப்பற்றிப் பார்த்தபோது, ‘த’ என்னும் முதலெழுத்து ‘மா’ என்று திருத்தப்பட்டிருந்ததாம். திருத்தியவள் ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாய் என்பது பரவலான நம்பிக்கை. தமிழில் சொன்னால், ‘பிடி’ என்று எழுதிய இடத்தில் முதலெழுத்தை அழித்து ‘மடி’ என்று ஆக்கியது போல. இன்றும் மராட்டி பேசுவோர், ஓர் ஆவணத்தின் பொருளை யாரேனும் சூழ்ச்சியாகப் புரட்டினால், ‘தவை மாவாக்கினான்’ என்றே சொல்கின்றனர். ஒரு கொலை வழக்கு பழமொழியாகி வழக்கில் நிலைத்துவிட்டது.

சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வதே என் உத்தியோகம். ஆகவே இக்கடிதத்தின் மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. மராட்டிய அரசுக் கடிதங்கள் அந்நாளில் மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்டன. எழுதுகோலை அதிகம் எடுக்காமல் ஓடும் எழுத்து அது. தஞ்சை சரஸ்வதி மஹால் நூலகத்தில் மூட்டை மூட்டையாக மோடி ஆவணங்கள் இருப்பதால், தமிழ்நாட்டுக்கும் அது அந்நியமன்று. நாராயணராவ் மாண்ட மறு மாதமே, 1773 செப்டம்பரில், தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாவும் ஆர்க்காட்டு நவாபிடமும் கும்பினியாரிடமும் கோட்டையை இழந்தார் என்பதும் இவ்விடத்தில் நினைவு கூரத்தக்கது.

கடிதத்தைப் பற்றி நாமும் சற்றே சாஸ்திரியைப் போல வினவிப் பார்ப்போம். அக்கடிதம் இன்று நம் கண்முன் இல்லை. அதைப் பற்றிய வரலாற்றை நாம் பெரிதும் அறிவது, நிகழ்ச்சிக்கு அரை நூற்றாண்டு கழித்து, 1826ஆம் ஆண்டில் வெளிவந்த கிராண்ட் டஃபின் நூலால். ஆனந்திபாய் திருத்தினாள் என்பதை அவரும் பொது நம்பிக்கையாகவே குறிக்கிறார். கண்டவர் சாட்சியம் என்று சொல்லவில்லை.

அடுத்து, குற்றவியலில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: இந்தக் கதையால் நன்மை யாருக்கு? ‘பிடிக்க’ என்றே எழுதினேன் என்பது குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாக்குமூலம். அது உண்மையானால் அவர் செய்தது சிறைப்படுத்தும் சூழ்ச்சி. கொலைப்பழி மனைவியின் தலையில் இறங்கிவிடுகிறது. நாராயணராவ் கட்டிக்கொண்டு கதறிய அந்தக் கணத்தில் ஆனந்திபாயின் எழுதுகோல் அங்கே இல்லை. ரகுநாதராவின் இரு கைகளும் இருந்தன. கடிதத்தில் எந்த எழுத்து இருந்தாலும், ‘விடுங்கள்’ என்று உரத்த குரலில் ஆணையிட அவருக்கு வாய் இருந்தது. ஆனந்திபாய் குற்றமற்றவள் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஐயத்தைத் தீர்ப்பாக்காத சாஸ்திரியைப் புகழ்ந்துகொண்டே, அவளை மட்டும் ஐயத்தின் பேரில் இருநூற்றைம்பது ஆண்டுகளாகத் தண்டித்து வருவது நேர்மையாகாது என்பதே என் விண்ணப்பம்.

நம் சிலப்பதிகாரத்திலும் இதையொத்த ஓர் இடம் உண்டு. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், சிலம்போடு கள்வனைக் ‘கொல்லக்’ கொணருங்கள் என்று சொல்லக் கருதி, விதிவசத்தால் ‘கொன்று’ கொணருங்கள் என்று சொல்லிவிட்டான் என்பது உரைகாரர் கூறும் ஒரு விளக்கம். அங்கும் ஒரு சொல்லின் ஈறு மாறியது; கோவலன் வெட்டுண்டான். ஆனால் அதன் பின் நிகழ்ந்தது வேறு. கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையைக் காட்டியதும் பாண்டியன், காவலர் மீதோ பொற்கொல்லன் மீதோ சொல்லின் மீதோ பழியைப் போடவில்லை. தானே கள்வன் என்று ஒப்பி, அரியணையிலேயே உயிர் துறந்தான். எழுத்து மாறியது என்பது அவனுக்குச் சமாதானமாகத் தோன்றவில்லை.

புணேயிலோ, விசாரணை முடிந்தபின் ரகுநாதராவ் சாஸ்திரியிடம் கேட்டது ஒரு பிராயச்சித்தம். தானமோ விரதமோ தீர்த்த யாத்திரையோ சாஸ்திரத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தார் போலும். சாஸ்திரி சொன்ன விடை, உயிருக்கு உயிர் கொடுப்பதே பிராயச்சித்தம் என்பது. நீங்கள் திருந்தி வாழ வழியில்லை. உங்கள் ஆட்சி தழைக்காது. நீங்கள் தலைமை வகிக்கும் வரை இந்நகரில் நான் பதவி வகிக்கவும் மாட்டேன், காலடி வைக்கவும் மாட்டேன் என்று கூறி, வாயிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்று ஒதுங்கிவிட்டார்.

துப்பறியும் கதைகளில் குற்றவாளி யார் என்று தெரிந்தவுடன் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும். காவலர் வந்து விலங்கு மாட்டுவார்கள். சாஸ்திரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. விலங்கு மாட்ட வேண்டியவர்களெல்லாம் குற்றவாளியின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். தீர்ப்பை நிறைவேற்றும் ஆற்றல் சிறிதும் இல்லாத நிலையில், தீர்ப்பைச் சொல்வதொன்றே அவரால் ஆனது. அதனால் பயன் என்ன என்று கேட்கலாம். பயன் உண்டு. படைக் கலகம் என்ற பொய் நிலைபெறவில்லை. ஊரும் படையும் அமைச்சரும் மதிக்கும் ஒருவரின் வாயால் உண்மை வெளியானதால், அதை மறுக்க எவராலும் இயலவில்லை.

விரைவிலேயே நானா பட்னவீஸ், சகாராம் பாபு முதலிய அமைச்சர்கள் ‘பார்பாயி’ என்னும் கூட்டணியாய் ஒன்றுசேர்ந்து ரகுநாதராவைக் கைவிட்டனர். கருவுற்றிருந்த நாராயணராவின் மனைவி கங்காபாயைப் புரந்தர் கோட்டையில் வைத்துக் காத்தனர். 1774ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பிறந்த ஆண்மகவுக்கு, நாற்பது நாள் நிரம்பிய அளவில் பேஷ்வாப் பட்டம் கட்டினர். ரகுநாதராவ் ஆங்கிலேயரிடம் ஓடி 1775இல் சூரத்து உடன்படிக்கை செய்தார். அதனால் மூண்ட முதல் ஆங்கில–மராட்டியப் போர் 1782இல் சால்பாய் உடன்படிக்கையோடு முடிந்தது. மறு ஆண்டு கோதாவரிக்கரையில் கோபர்காவில் அவர் காலமானார். ஒரு வீட்டுச் சண்டை அந்நியப் படைக்கு வாயிலைத் திறந்துவிட்ட கதை இந்நாட்டு வரலாற்றில் இது ஒன்று மட்டுமன்று.

ராம் சாஸ்திரி, ரகுநாதராவின் ஆட்சி நீங்கியபின் புணேக்குத் திரும்பி, மீண்டும் நியாயாசனத்தில் அமர்ந்து, 1789ஆம் ஆண்டில் மறைந்தார். புணேயின் பிரபாத் படநிறுவனம் அவர் வரலாற்றை 1944இல் திரைப்படமாக்கியது. தவறாத நீதிபதிக்கு இன்றும் மஹாராஷ்டிரத்தில் அவர் பெயரையே உவமை சொல்கின்றனர். நமக்கு மனுநீதிச் சோழன் போல. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனுநீதிச் சோழன் அரசன். தேரைத் தன் மகன் மீது ஓட்ட அவனுக்கு அதிகாரம் இருந்தது. சாஸ்திரியிடம் இருந்தது ராஜினாமா ஒன்றே.

நேயர்களே, அடுத்த முறை சனிவார் வாடாவுக்குச் செல்லும்போது, தில்லி வாயிலின் முட்களைப் பார்த்தபின் தெற்கு மதிலின் பக்கமும் செல்லுங்கள். அங்கே நாராயண் தர்வாஜா என்று ஒரு சிறு வாயில் உண்டு. வெட்டுண்ட இளைஞனின் உடலை அவ்வழியே வெளியே கொண்டுபோனார்கள் என்பர். பெரிய வாயிலில் அறைந்த முட்கள் யானைகளைத் தடுக்க வல்லவை. உள்ளே இருந்தவர்களின் ஆசையைத் தடுக்கவில்லை. குழந்தைகள் ஆவியின் கதையைக் கேட்டால், அதையும் சொல்லுங்கள். அதனோடு, ‘சித்தப்பா, காப்பாற்றுங்கள்’ என்ற குரலைச் சித்தப்பா கேளாதபோது, செவிகொடுத்துக் கேட்டு எழுந்து விசாரித்த ஒருவர் இவ்வூரில் இருந்தார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.